யார் தின்ற சீனி

நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் முதலில் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறமாக நம்பாமல் இருக்கலாம், எனக்கு அதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. தட்டாங்கரையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மிட்டாய்க் கடைகளுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு கிடக்கும் எங்கள் தெப்பக்குளத் தெருவில், ஒரு சித்திரை மாசத்திலிருந்து, ஒருத்தர் தின்ற சீனி இன்னொருத்தர் உடம்பில் போய்ச் சேர ஆரம்பித்தது. தின்கிற வாய் ஒன்று, பெருக்கிற இடுப்பு வேறொன்று. அவ்வளவுதான் சங்கதி.

அம்மன் கொடைப் பந்தியில்தான் அது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. லோடுமேன் தவசி, குச்சிக்குச் சட்டை மாட்டினது போல இருப்பான், அவன் பாயசத்தை டம்ளர் டம்ளராக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தான், எதிர்வரிசையில் இலைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவுக்கு, பாயசத்தைக் கையாலும் தொடாத அந்த அம்மாவுக்கு, அவன் ஒரு டம்ளர் குடித்தால் ரவிக்கையில் ஒரு கொக்கி தெறித்தது, இன்னொரு டம்ளர் குடித்தால் இன்னொரு கொக்கி தெறித்தது, அந்த அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்று, ஏய் தவசி, கீழே வைடா டம்ளரை என்று சொன்னதும் பந்தியே திரும்பிப் பார்த்தது. யாரும் அய்யோ என்று வாயில் கை வைக்கவில்லை. அட, இதுதானா விஷயம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. காலையில் பூரிக்கே சீனி தொட்டுத் தின்கிறவன் எலும்பும் தோலுமாகத் திரிவதும், கூழைக் குடித்துக்கொண்டு கிடக்கிறவள் கதவில் இடித்துக்கொண்டு நுழைவதும் ஏன் என்று எங்களுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம் இருந்தது, அது அன்றைக்குத் தீர்ந்தது, தீர்ந்த கையோடு வேறொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. என் இடுப்பில் இருப்பது யார் தின்றது?

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்க்காமல் இருந்தது கிடையாது. டீக்கடையில் நின்றால், யார் எத்தனை கரண்டி போடச் சொல்கிறார் என்று பத்துக் காது நீண்டது. பிள்ளைகள் பல் தேய்க்கிறதா மிட்டாய் சப்புகிறதா என்று தாய்மார் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்தார்கள். யாராவது வீட்டில் நெய் வாசம் வந்தால் அடுத்த வீட்டுக்காரி சும்மா உப்பு கேட்கிற மாதிரி வந்து அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பங்காளிச் சண்டை பிடித்துச் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த பால்சாமி இருக்கிறானே, அவன் அண்ணனை ஊதவைத்தே தீருவது என்று மிட்டாய்க் கடை வாசலில் நின்று மைசூர்பாகாகத் தின்று தள்ளினான், அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லித் தின்றான், கடைசியில் அத்தனையும் போய்ச் சேர்ந்தது தெருக்கோடியில் குடியிருக்கிற போலீஸ் ஏட்டுக்கு. ஏட்டு பொத்தான் போடமுடியாத காக்கிச் சட்டையோடு நேராக வந்து, எந்தச் சட்டத்தில் என்று கேட்காமல், பால்சாமியை இரண்டு போட்டார்.

இதையெல்லாம் இப்படியே விட்டால் தெரு வெட்டுக்குத்தில் போய் நிற்கும் என்று எங்கள் தெருச் சங்கம் கூடியது. சங்கத்துக்குச் செயலாளர் அருணகிரி. என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான், அதனால் நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி சுவர் வழியாகக் கேட்டது, என்னைச் சந்தேகப்பட்டால் படுங்கள். அருணகிரி சொன்ன யோசனைதான் நடப்புக்கு வந்தது. குழந்தையில் எல்லாருக்கும் இடுப்பில் கட்டுகிற அரைஞாண் கயிறு இருக்கிறதல்லவா, பொம்பளைகள் நாங்கள் எட்டு ஒன்பது வயசில் அறுத்துப் போட்டுவிடுவோமே, அதே கறுப்புக் கயிற்றை ஆண் பெண் பேதம் இல்லாமல் எல்லாரும் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும், ஒரு விரல் போய்வருகிற மாதிரிக் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கக் கட்டடத்தில் ஒருத்தர் நடுவில் உட்கார்ந்து ஒரு பெரிய கரண்டி சீனி தின்ன வேண்டும். மற்றவர்கள் கயிற்றுக்குள் விரலை விட்டபடி சுற்றி நிற்க வேண்டும். யார் கயிறு விரலைக் கடிக்கிறதோ அவர் எனக்கு என்று சொல்ல வேண்டும். தின்றவரும் ஏற்றவரும் அப்புறம் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆம்பளைகளுக்கு அருணகிரியே கயிறு கட்டினான். பொம்பளைகளுக்குக் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது, எனக்கு முடிச்சு நன்றாகப் போட வரும்.

இந்தக் கூத்தை நாலாவது தெருக்காரன் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். திருடனைப் பிடிக்க வீட்டைத் திறந்து போட்ட கதை அது. வெள்ளிக்கு வெள்ளி ஒரு கரண்டி, ஒரு ஆள் தின்றால் போதாது, சந்தேகம் தீரவில்லை இன்னொரு தடவை தின்னு என்பார்கள், பிடிபட்டவன் நான் மட்டுமா, அவளையும் தின்னச் சொல்லு என்பான், இப்படியே சங்கத்து டப்பாவில் இருந்த சீனியெல்லாம் தெருவுக்குள் இறங்கி, கண்டுபிடிக்கத் தின்ற சீனியிலேயே பாதித் தெரு பெருத்துப்போனது. கயிறு வாங்கிக் கட்டுபடியாகவில்லை. இருந்தாலும் நிறுத்தலாம் என்று யார் வாயிலும் வரவில்லை, முதலில் நிறுத்தச் சொல்கிறவன் மேல்தான் சந்தேகம் விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதில் வந்து மாட்டியவள்தான் முப்பிடாதி, அருணகிரியின் பெண்டாட்டி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து அவள் கல்யாணமாகி வந்தபோது நான்தான் ஆரத்தி எடுத்தேன், வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றலாம் போல அப்படி ஒரு மெலிவு. அந்த வீட்டில் சீனி என்கிற பேச்சே கிடையாது. அருணகிரியின் அப்பா சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்து, ஒற்றைக் காலோடு ரெண்டு வருஷம் கிடந்து செத்தவர், அதிலிருந்து அவன் அம்மா சொர்ணத்தாய் மதினி சீனி டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டாள், காப்பியும் கசப்புத்தான், பொங்கலும் உப்புத்தான். அருணகிரியும் டீக்கடையில் போய் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, சீனி இல்லாம என்று சொல்லித்தான் டீ வாங்குவான். இடுப்பு இன்றைக்கும் காலேஜ் பையன் இடுப்பு. அடக்கமான பையன், நாக்கைக் கட்டினவன் என்று எல்லாரும் அவனை மெச்சினோம், சங்கத்துச் சீனி டப்பாச் சாவியை அவனிடம் கொடுத்ததும் அதனால்தான்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு முப்பிடாதி பெருக்க ஆரம்பித்தாள். முதலில் இடுப்பு, அப்புறம் அடிவயிறு. மாசாமாசம் வருவது தள்ளிப்போனது. சொர்ணத்தாய் மதினிக்குக் கால் தரையில் பாவவில்லை, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அவளாகவே முடிவு கட்டி, வருஷக்கணக்காக வீட்டுக்குள் விடாத சீனியைக் கடையில் வாங்கித் தட்டில் கொட்டி வீடு வீடாக வந்து எங்கள் வாயில் போட்டாள். நல்ல சேதி சொன்னால் சீனி போடாமல் எங்கள் ஊரில் ஆகாது. அது பிள்ளை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, எங்கள் வாயில் போட்ட சீனிக்குப் பதில் சொல்ல முடியாமல் மதினி இருந்தாளே, அந்த வெட்கம் அவளை மாமியாராக ஆக்கிவிட்டது. அதற்கப்புறம் முப்பிடாதிக்கு மாசவிலக்கு வருவதே நின்றுபோனது. தாடையில் ரெண்டு மூன்று முடி கறுப்பாக முளைத்தது. கழுத்துச் சுற்றிலும் கரி பிடித்தது போல ஒரு கறுப்பு ஏறியது, மதினி எலுமிச்சம்பழத்தைப் பிளந்து வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், தோல்தான் எரிந்ததே தவிர கறுப்பு போகவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல அம்மா, பொறுமையாகத்தான் சொன்னாள். சீனி ரத்தத்தில் ஏறினால் அதை எடுத்து அடுக்கி வைக்க உடம்பு இன்சுலின் என்று ஒன்றைச் சுரக்குமாம், நாள் பூராவும் சீனி போய்க்கொண்டே இருந்தால் அதுவும் நாள் பூராவும் ஓடிக்கொண்டே இருக்குமாம், ஓடி ஓடிச் சொன்னாலும் உடம்பு ஒரு கட்டத்தில் அதன் பேச்சைக் கேட்காமல் போகுமாம், கேட்கவில்லையே என்று இன்னும் அதிகமாகச் சுரக்குமாம், மிஞ்சினதெல்லாம் கொழுப்பாகி வயிற்றைச் சுற்றிப் படியுமாம், அந்த இன்சுலின் போய் சினைப்பையைச் சீண்டி ஆம்பளைச் சுரப்பைக் கூட்டிவிடுமாம், அதில்தான் மாசவிலக்கு நிற்பதும் தாடையில் முடி வருவதும், கழுத்துக் கறுப்பும் இன்சுலின் மிஞ்சினதின் அடையாளம்தானாம், போதும் நிறைந்துவிட்டது என்று கொழுப்பு மூளைக்கு அனுப்புகிற சேதியையும் மூளை காதில் போட்டுக்கொள்ளாதாம், அதனால் எவ்வளவு தின்றாலும் பசி அடங்காதாம். சீனியை நிறுத்து, கலர் சோடா குடிப்பதை நிறுத்து, நட, எடை கொஞ்சம் இறங்கினாலே உடம்பு வழிக்கு வரும், பிள்ளையும் உண்டாகும் என்றாள். முப்பிடாதி நான் சீனியைத் தொடுவதே இல்லை என்று சொன்னதும் டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இப்படிச் சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன் என்கிற சிரிப்பு. எங்கள் தெரு விவகாரத்தை அவளிடம் சொல்லலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வேறு வார்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவாளோ என்று விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பசிதான் அவளைக் காட்டிக்கொடுத்தது என்று தெரு பேசியது. உண்மைதான், அவளுக்கு எந்நேரமும் பசித்தது. தின்காத சீனியின் பசி. மோரைக் குடித்து, வெள்ளரிக்காயைக் கடித்து, பின்வாசலில் நின்று வெறும் முருங்கைக் கீரையை ஆய்ந்து வேகவைத்துத் தின்றுகொண்டு கிடந்தாள், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் வயிறு இரைகிற சத்தம் கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் ஒவ்வொருவராக நடுவில் உட்கார்ந்து தின்று பார்த்தாயிற்று, சொர்ணத்தாய் மதினியே மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்று பார்த்தாள், யார் தின்றபோதும் முப்பிடாதி கயிறு அசையவில்லை. ஆனால் மற்ற நாள்களில், யாரும் எதுவும் தின்னாத நேரத்தில், பாத்திரம் கழுவும்போதோ துணி காயப்போடும்போதோ அது தானாக இறுகும், அவள் ஓடி வந்து வடிவக்கா, விரலை விட்டுப் பாருங்க என்பாள், என் விரல் போகாது. நானும் எத்தனை தடவை அவிழ்த்துக் கட்டுவது! தெரு கடைசியில் தீர்ப்புக்கு வந்தது. அவள் சீனி அவளுக்கே போகிறது, ஒளித்து வைத்துத் தின்கிறாள், அதுதான் நடுவில் உட்காரமாட்டேன் என்கிறாள் என்று.

அவள் நடுவில் உட்காராததற்குக் காரணம் டாக்டரம்மா சீனி தொடாதே என்று சொன்னதுதான். ஒரு கரண்டியில் பிள்ளை வரமே போய்விடுமோ என்று பயந்தாள், அதைச் சொன்னால் யார் கேட்டார்கள்? பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குப் போவோம், அதற்குள் உடம்பு இறங்கி மாசவிலக்கு வந்தால் ஆச்சு, இல்லாவிட்டால் கோயிலிலிருந்து நேராக விளாத்திகுளத்துக்கு பஸ் ஏற்றிவிடுவேன், ஒளித்துத் தின்கிறவளை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று மதினி சொல்லிவிட்டாள். சங்கரன்கோயிலில் ஒரு பெண் இருப்பதாகவும் காதில் விழுந்தது. அருணகிரி ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஆம்பளைகள் அம்மா பேசும்போது பேசாமல் இருப்பது புதுசா என்று நானும் விட்டுவிட்டேன்.

மாசி மாசத்தில் அருணகிரி கால் ஒடிந்தது. அவனுக்கு ஏஜென்சி வேலை, பிஸ்கட்டும் கலரும் ஏற்றிக்கொண்டு வேனில் பட்டிதொட்டிக் கடைகளுக்கெல்லாம் போடுவது, அதில் சரக்கு இறக்கும்போது வழுக்கி விழுந்தான். மாவுக்கட்டுப் போட்டுக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். சாவி அவனிடம் இருந்ததால் வெள்ளிக்கிழமைப் பரிசோதனையும் நின்றது. கட்டிலில் கிடந்தவன் முதல் வாரம் பட்ட பாடு இருக்கிறதே, கால் வலி என்று சொல்லிக்கொண்டான், ஆனால் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான், கை நடுங்குகிறது என்றான், கஞ்சியைத் தட்டிவிட்டான், ஜன்னல் வழியாகப் போகிற பிள்ளைகள் கையில் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஏதோ உறுத்தியது. கால் ஒடிந்தவனுக்கு ஏன் நாக்கு துடிக்கிறது?

அதே வாரத்தில் முப்பிடாதியின் கயிறு தளர ஆரம்பித்தது. முதலில் ஒரு விரல் தாராளமாகப் போனது, அப்புறம் ரெண்டு விரல், அப்புறம் கயிறு நழுவி இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்தது. பசி அடங்கியது. ரெண்டு இட்லியோடு போதும் என்று சொல்லிக் கையைக் கழுவியவள் அந்தக் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்துக் கறுப்பு எலுமிச்சம்பழம் இல்லாமலே வெளுத்துக்கொண்டு வந்தது. அவன் மாவுக்கட்டுப் பிரிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு காலையில் பின்வாசல் வழியாக என் அடுக்களைக்குள் ஓடிவந்து, வடிவக்கா, வந்துட்டு என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. தீட்டுப்பட்ட பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடுக்களையில் நின்று ரெண்டு பேரும் அழுதோம், சோறு அடிப்பிடித்துப் போனது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். அவன் வேனில் ஏறிப் போன முதல் நாள் மத்தியானமே முப்பிடாதி வந்து என் முன்னால் நின்றாள். சேலையை விலக்கிக் காட்டினாள். அந்தக் காலையில்தான் நான் புதுசாக அளவெடுத்துக் கட்டிய கயிறு, சதைக்குள் புதைந்து கிடந்தது. சாயங்காலம் அவன் வேனிலிருந்து இறங்கி வந்தபோது எப்போதும் போலக் கிராம்பு மென்றுகொண்டு வந்தான். பல்வலிக்கு என்பான். இத்தனை வருஷமாக எந்தப் பல் அப்படி வலிக்கிறது என்று நான் அன்றைக்குத்தான் யோசித்தேன். அவளும் யோசித்தாள் என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் ரெண்டு பேரும் பேரைச் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் அவள் மெதுவாகக் கேட்டது சுவர் வழியாகக் கேட்டது, வெளியே ஏதாவது இனிப்பு சாப்பிடுவீகளா என்று. தெருவுக்கே பரிசோதனை வைக்கிறவனையா சந்தேகப்படுதே, ஒன் யோக்கியதையை வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்று அவன் சொன்னதும் கேட்டது.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. எல்லாரும் கயிற்றுக்குள் விரலை விட்டுக்கொண்டு நின்றோம், நான் மட்டும் என் விரலை முப்பிடாதி கயிற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவள்தான் என்னைக் கேட்டாள். கணக்கு எல்லாருக்கும் புரிந்தது. அவள் தின்று அவள் கயிறே இறுகினால் ஒளித்துத் தின்றவள் அவள்தான், உத்திரத்தன்றைக்கு பஸ். வேறு யாருக்காவது இறுகினால் பிழைத்தாள். மாசவிலக்கு வந்ததையும் மதினி கணக்கில் எடுக்கவில்லை, புருஷன் வீட்டில் கிடந்ததால் ஒளித்துத் தின்ன முடியாமல் இறங்கினாள், அவன் வேன் ஏறினதும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று சொல்லிப் பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அருணகிரி டப்பாவைத் திறந்து கரண்டி நிறைய அள்ளி அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. "முதல்ல நீங்க," என்றாள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அப்போதுதான் எனக்கே சுரீர் என்றது. தெருவில் எல்லாரும் தின்று பார்த்தாயிற்று என்று சொன்னோமே, ஊட்டிவிடுகிற கைக்கும் ஒரு வாய் இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, சீனி இல்லாம என்று சத்தமாகச் சொல்லியே அவன் எங்கள் காதை அடைத்துவிட்டான். அருணகிரி சிரித்தான். அப்பாவுக்குக் கால் எடுத்த கதையைச் சொன்னான். முப்பிடாதி கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏட்டு பின்னாலிருந்து, தின்னுட்டுத்தான் போயேன்பா, ஒரு கரண்டிதானே என்றார். மாட்டேன் என்று சொன்னால் சந்தேகம் விழும், அந்தச் சட்டத்தைப் போட்டதே அவன்தான். கரண்டியை வாயில் கவிழ்த்தான், வாயை மூடினான், இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

என் விரல் கயிற்றுக்குள் சும்மா இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இறுகவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, சாட்சி பொய் சொல்ல முடியுமா? கூட்டம் ச்சே என்றது. மதினி, பார்த்தீகளா, கட்டின புருஷனை நடுச்சபையில நிக்க வச்சுட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். தப்பாக நினைத்துவிட்டோமோ, இந்தப் பிள்ளையை நாமே பஸ் ஏற்றிவிட்டோமோ என்று எனக்கு ஆகிவிட்டது. முப்பிடாதி மட்டும் அவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் கொஞ்சம் உப்பலாக இருந்தது.

"நான் ஒளிச்சு வச்சுத் தின்னேன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க," என்றாள். "நீங்க சொல்லிட்டா போதும், நான் உத்திரம் வரைக்கும் காத்திருக்கல, இப்பமே போயிருதேன்."

அவன் தலையை ஆட்டினான். தலையை ஆட்டினால் காணாது, வாயைத் திறந்து சொல்லப்பா என்றார் ஏட்டு. சொல்லுய்யா என்றாள் பெத்த தாய். தெருவே அவன் வாயைப் பார்த்தது. வாயைத் திறந்தால் சீனி தெரியும், திறக்காவிட்டால் சொல்ல முடியாது, அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, நெற்றியில் வேர்த்தது, அவன் அவளைப் பார்த்தான், அவள் கண்ணை எடுக்கவில்லை, நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் அவன் துப்பியிருப்பான், துப்பியிருந்தால் கூட நான் அவனை மன்னித்திருப்பேன், ஆனால் அவன் பெண்டாட்டியின் மேல் பழி சொல்வதற்காக அந்தச் சீனியை விழுங்கினான். தொண்டைக் குருத்தெலும்பு ஏறி இறங்கியது. "அவதான்..." என்று ஆரம்பித்தான்.

கயிறு என் விரலைக் கடித்தது. இன்றைக்கும் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். நான் அம்மா என்று கத்தினேன், கயிறு பட்டென்று அறுந்து தரையில் விழுந்து கறுப்பாகக் கிடந்தது, அவன் ஆரம்பித்த வார்த்தை வாயிலேயே நின்றது.

யாரும் அவனை அடிக்கவில்லை. ஏட்டு கூட அடிக்கவில்லை. அவன் அந்தக் கயிற்றைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அப்பா கால் மாதிரி என் காலும் போயிரும்னு பயம், ஆனா தின்னாம இருக்க முடியல, எவ்வளவு தின்னாலும் என் உடம்புல சேரலன்னு தெரிஞ்சதும் சந்தோஷமா இருந்துச்சு, யாருக்குப் போகுதுன்னு யோசிக்கவே இல்ல என்றான். யோசிக்கவே இல்லையாம். யோசிக்காதவன் இனிப்பு வாசம் தெரியக் கூடாதென்று கிராம்பு மெல்லுவானா? சொர்ணத்தாய் மதினி வெளியே போனாள், கட்டி வைத்த பையை அவிழ்க்கப் போகிறாள் என்று நினைத்தேன், அதையே அவிழ்த்து அவன் துணியை அதில் அடுக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள் என்று அப்புறம் தெரிந்தது.

முப்பிடாதி கரண்டியைக் கையில் எடுத்தாள். டப்பாவுக்குள் விட்டுக் கோபுரமாக அள்ளினாள். அந்தக் கரண்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் போனபோது அத்தனை பேர் கையும் அவரவர் இடுப்புக்குப் போனது, ஹெட்மாஸ்டர் வீட்டம்மா கண்ணை மூடிக்கொண்டாள், பால்சாமி அண்ணன் பின்னால் ஒளிந்தான். அவள் இத்தனை நாளும் சீனி தொடாதவள், அவள் தின்றால் அது யாருக்குப் போகும் என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. அவள் எங்களை ஒவ்வொருத்தராக நிதானமாகப் பார்த்தாள், அவளை ஒளித்துத் தின்கிறவள் என்று சொன்ன ஒவ்வொரு வாயையும் பார்த்தாள். பிறகு சீனியை டப்பாவிலேயே கொட்டி, மூடி, டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதோடு வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது, சங்கத்து டப்பாவைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அருணகிரி மூன்று வாரம் வாசல் திண்ணையில் கிடந்துவிட்டு உள்ளே வந்தான், இப்போது அவள் கண் முன்னால்தான் சாப்பிடுகிறான், வேனில் கூட மதினி ஏறி உட்கார்ந்துகொள்கிறாள், பல்வலியும் போய்விட்டது. முப்பிடாதிக்கு மாசாமாசம் ஒழுங்காக வருகிறது, டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, ஒருவழியா நான் சொன்னதைக் கேட்டியே என்றாளாம். தெருவில் அவளைக் கண்டால் எல்லாரும் ஒதுங்கி வழி விடுகிறார்கள், விசேஷ வீட்டில் முதல் இலை அவளுக்குத்தான், பாயசம் மட்டும் யாரும் பரிமாறுவதில்லை.

டப்பா அவள் வீட்டு ஜன்னலில், தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே கரண்டி. ஒரு நாள் மனசு கேட்காமல், நீ தின்னா அது யாருக்குப் போகும்னு ஒனக்குத் தெரியுமாடி என்று நானே கேட்டுவிட்டேன்.

"தெரியாது வடிவக்கா," என்றாள். "தெரிஞ்சுக்கிடணும்னா தின்னுதான் பார்க்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல பிள்ளை, என்மேல் உயிரையே வைத்திருக்கிறவள். இருந்தாலும் அன்றையிலிருந்து அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் என் கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது.